பொட்டு வைத்த போல்ட்டுகள்

பவானி ரோடு, சங்ககிரி
9-11-1986

அன்புள்ள தங்கை கஸ்தூரிக்கு அண்ணன் பக்தவத்சலம் எழுதுவது.

வலது கை நீங்கலாக நலமாக இருக்கிறேன். நீயும் பெண்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்? எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்து வேறு யாரோ எழுதியது என்று நினைக்காதே. இடது கையால் எழுதப் பழகுகிறேன். வலது கையில் இரண்டு விரல்கள் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இங்கே உலகநாதன் என்பவருடைய லாரிப் பட்டறையில் போர்மேன் வேலை கிடைத்திருக்கிறது. பட்டறைக்குப் பின்னாலேயே ஓர் அறை. விலாசம் மேலே இருக்கிறது. அதை உன் புருஷனிடம் காட்டாதே. வேறு யாரிடமும் கொடுக்காதே.

ஆயுத பூஜை அன்று நடந்ததை நீ முழுதாகப் பார்க்கவில்லை. நீ சுண்டல் தட்டோடு வெளியே வந்தபோது நான் தரையில் கிடந்தேன். அதனால் ஒரு முறை எழுதிவிடுகிறேன்.

உன் புருஷனின் முதல் நம்பர் லாரியின் இன்ஜினை நான் பிரித்தது அது பழுதானதால் அல்ல, பழுதாகாமல் இருப்பதற்காக. ராணுவப் பட்டறையில் நான் கற்ற தொழில் அதுதான். எந்தச் சாமான் முதலில் உடையும் என்று தெரிந்துகொண்டு, அது உடைவதற்கு முன்னால் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியது மாட்ட வேண்டும். தண்ணீர் பம்பு, பெல்ட், டீசல் குழாய்கள், எல்லாவற்றுக்கும் மேலாகக் கன்ராடு போல்ட்டுகள். பிஸ்டனின் தண்டைக் கிராங்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பவை அவை. வண்டி ஓடும் நேரமெல்லாம் இழுபட்டுக்கொண்டே இருப்பவை. பார்வைக்குப் பளபளவென்று இருக்கும், உள்ளே நைந்து போயிருக்கும். ஒன்று அறுந்தால் தண்டு இன்ஜினின் விலாவைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். கொதிக்கிற ஆயில் பழுக்கக் காய்ந்த புகைக்குழாயின் மேல் பீச்சும். நம் வண்டிகளின் கேபின் மரத்தால் செய்தது. மீதியை நீயே யோசித்துக்கொள். ராணுவத்தில் இருந்தபோது அப்படி எரிந்த வண்டியிலிருந்து ஒரு டிரைவரைக் கடப்பாரையால் நெம்பி எடுத்தவர்களில் நானும் ஒருவன்.

அதற்காகத்தான் அங்கே ஒரு விதி. கழற்றிய போல்ட்டை அன்றே சுத்தியலால் அடித்து வளைத்துவிட வேண்டும். வளைத்துவிட்டால் எந்த மடையனும் அதை இன்னொரு வண்டியில் மாட்ட முடியாது.

அன்று நான் அடிப்பதற்குள் நீ அவற்றை டீசலில் கழுவித் துடைத்து, ஒவ்வொன்றின் தலையிலும் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஸ்பேனர்களோடு சேர்த்து அம்மன் படத்துக்கு முன்னால் அடுக்கிவிட்டாய். பூஜை முடிந்ததும் நான் சுத்தியலை எடுத்தேன்.

"இன்னா மச்சான், சாமி கும்புட்ட பொருள சுத்தியால அடிப்பியா? என் ஊடு நல்லா கீறது உனுக்குப் புடிக்கலியா?" என்றான் உன் புருஷன் தேவராஜ்.

நான் விளக்கினேன். ஏரியில் மண் அள்ளி லாரி வாங்கியவனுக்கு இரும்பின் குணத்தை விளக்கப் பார்த்தேன். "என் ஷெட்டுல நின்னுகினு எனக்கே வாத்தியார் வேல பாக்கிறியா?" என்று வீல் ஸ்பேனரைத் தூக்கினான். முதல் அடி தோளில். இரண்டாவது, அடைகல்லின் மேல் போல்ட்டைப் பிடித்திருந்த கையில். எலும்பு நொறுங்கும் சத்தம் என் காதில் விழுந்தது. வேலைக்காரர்கள் கையில் பொரியோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். டிரைவர் துலுக்கானம் ஒருவன்தான் குறுக்கே விழுந்தான். அவன் முதுகிலும் இரண்டு அடி. "போர்மேன், பேசாத. என் கழுத்த கெட்டியா புட்ச்சிக்கோ" என்று என்னை முதுகில் சுமந்துகொண்டு ஹைவே வரை ஓடினான்.

அப்பா ஆவடி குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தபோது வேண்டாம் என்று சொன்னவன் நான் ஒருவன்தான். யாரும் கேட்கவில்லை. அதையும் நான் மறக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். பெண்களுக்கு என் ஆசிகள்.

அண்ணன்
பக்தவத்சலம்


சென்னீர்குப்பம்
28-11-1986

அன்புள்ள அண்ணனுக்குக் கஸ்தூரியின் வணக்கம்.

நாங்கள் இருக்கிறோம். மழை விடவில்லை. சின்னவளுக்கு இருமல், பெரியவளுக்கு ஒன்றுமில்லை. கையைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பொட்டு வைத்தது நான்தான். ஷெட்டில் இருந்த இரும்புக்கெல்லாம் வைத்தேன், அதற்கும் வைத்தேன். எது கழித்தது, எது வைத்துக்கொள்வது என்று எனக்கு யார் சொன்னார்கள்? அந்தப் போல்ட்டுகள் இன்னும் அம்மன் படத்துக்குக் கீழே பலகையில்தான் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை படத்துக்குப் பூ வைக்கும்போது அவற்றின் மேலும் இரண்டு விழுகிறது. ஏரியில் போட்டுவிடலாமா என்று அவரிடம் ஒரு நாள் கேட்டேன். அதற்குத்தான் முன்பல் ஒன்று போயிற்று. இப்போது வலி இல்லை. படிக்கட்டில் விழுந்துவிட்டேன் என்று பெண்களிடம் சொன்னேன். நம் வீட்டில் படிக்கட்டு எங்கே இருக்கிறது என்று பெரியவள் கேட்டாள்.

உங்கள் பேச்சு எடுத்தால் அவர் சிரிக்கிறார். "உங்கண்ணன் இங்கியே இருந்திருந்தா கிலோமீட்டர் கணக்கு பார்த்து பொண்டாட்டியக்கூட மாத்தச் சொல்லியிருப்பான்" என்று வேலைக்காரர்கள் எதிரில் சொல்கிறார். அவர்களும் சிரிக்கிறார்கள்.

துலுக்கானம் மட்டும் தினமும் விசாரிக்கிறார். "போர்மேன் கை கூடிச்சாமா? இன்னா வாயி அந்தாளுக்கு. முதுவுல தூக்கினு ஓட்றேன், கை தொங்குது, அப்பவும் என் செருப்பப் பார்த்து, தேஞ்சிகீது, அறுந்துபோறதுக்குள்ள மாத்துன்றாரு" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செருப்பை மாற்றிவிட்டாராம், உங்களிடம் சொல்லச் சொன்னார்.

கோபத்தை விட்டுவிடுங்கள் அண்ணா. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

தங்கை
கஸ்தூரி


பவானி ரோடு, சங்ககிரி
7-12-1986

அன்புள்ள கஸ்தூரிக்கு,

நான் சுகம். சின்னவளின் இருமலுக்குக் கசாயம் வைத்துக் கொடு. டீசல் புகையில் அவளை நிற்க விடாதே.

கோபத்தை விடச் சொல்கிறாய். கோபம் கழற்றி வைக்கும் சட்டை இல்லை. இங்கே எனக்குக் கிடைக்கிற ஒரே சந்தோஷம் சாயங்காலம் வேலை முடிந்த பிறகு. அன்று கழற்றிய சாமான்களை வரிசையாக அடைகல்லில் வைத்து இடது கையால் அடிக்கிறேன். ஆரம்பத்தில் குறி தவறியது. இப்போது தவறுவதில்லை. ஒவ்வொரு போல்ட்டையும் அடிக்கும்போது உன் புருஷனின் ஒரு விரல் என்று வைத்துக்கொள்கிறேன். மனுஷனுக்கு இருப்பது பத்து விரல்தான். அதற்கு மேல் கால் விரல். உலகநாதன் ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு, "ஏனுங்க, வளைஞ்சாப் போதாதுங்களா? பொடியே ஆக்கோணுமா?" என்று கேட்டார். நல்ல மனிதர். உடைவதற்கு முன்னால் மாற்ற வேண்டும் என்று சொன்னால் ஏன் என்று கேட்பதில்லை. படித்தவன் சொன்னால் கேட்க வேண்டும் என்பது இந்த ஊர்க்காரருக்குத் தெரிகிறது.

உன் பல்லைப் பற்றி எழுதியதைப் படித்தேன். அதைப் பற்றி இப்போது ஒன்றும் எழுதப் போவதில்லை.

துலுக்கானத்திடம் செருப்புக்குச் சந்தோஷம் என்று சொல்.

அண்ணன்


சென்னீர்குப்பம்
22-1-1987

அன்புள்ள அண்ணனுக்குக் கஸ்தூரி எழுதுவது.

இங்கே யாவரும் இருக்கிறோம். உங்கள் உடம்பு எப்படி? பொங்கலுக்கு வருவீர்கள் என்று பெண்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் வர மாட்டீர்கள் என்று தெரிந்தும் நான் ஒரு இலை அதிகமாகப் போட்டேன். அதற்கும் ஒரு அறை.

இரண்டாம் நம்பர் வண்டி பொங்கலுக்கு முன்னால் கடகடவென்று சத்தம் போட்டது. பூந்தமல்லியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து இன்ஜினைப் பிரித்தான். கன்ராடு போல்ட்டு புதிதாக வேண்டும் என்றான். பண்டிகை என்று கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. அம்பத்தூர் எஸ்டேட்டில் பெங்களூர் போக வேண்டிய இரும்பு வார்ப்பு லோடு காத்திருந்தது. அவர் நேராகப் பலகைக்குப் போனார். பூவைத் தள்ளிவிட்டு அந்தப் போல்ட்டுகளை எடுத்துவந்தார். "இன்னா முதலாளி, புத்சு மாரி மின்னுது" என்றான் மெக்கானிக். "அம்மன் காலாண்ட இருந்தது. புத்ச விட இதுதான் கெட்டி" என்றார் இவர். கற்பூரம் காட்டி மாட்டினார்கள். வண்டி சத்தம் இல்லாமல் ஓடுகிறது.

அண்ணா, நீங்கள் அடித்து வளைக்க இருந்த போல்ட்டுகள் இவைதானே? இரண்டும் ஒரே மாதிரி வண்டிதானே என்று மாட்டிவிட்டார்கள். ஆபத்தா? ஆபத்து என்றால் உடனே எழுதுங்கள். அவர் காலில் விழுந்தாவது கழற்றச் சொல்கிறேன்.

துலுக்கானம் வேலையை விட்டுப் போய்விட்டார். மாட்டுப் பொங்கலுக்கு லீவு கேட்டதற்கு இவர் கன்னத்தில் அறைந்தார். அவர் சாவியைப் பானட் மேல் வைத்துவிட்டு, "உனுக்கு வண்டி ஓட்ட மனுசன் தேவையில்ல மொதலாளி, மாடு தேவை" என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது இரண்டாம் நம்பர் வண்டியை இவரே ஓட்டுகிறார்.

பதில் எதிர்பார்க்கிறேன்.

தங்கை
கஸ்தூரி


பவானி ரோடு, சங்ககிரி
1-3-1987

அன்புள்ள கஸ்தூரிக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிறது. பதில் எழுதத் தாமதமானதற்கு வேலைதான் காரணம். குளிர் நாளில் கை இரவெல்லாம் குத்தியது. இப்போது வெயில் வந்துவிட்டதால் தேவலை. பெண்களுக்குப் பரீட்சை எப்போது?

துலுக்கானம் போனது நல்லதாயிற்று. அவன் சரியான ஆள். இனி அந்த ஷெட் பக்கம் வராமல் இருந்தால் இன்னும் நல்லது.

உன் புருஷன் வண்டி ஓட்டுவதாக எழுதியிருந்தாய். தனியாகத்தான் போகிறானா? கிளீனர் யாராவது உண்டா? லோடு அளவாக ஏற்றுகிறானா, வழக்கம்போல் அளவுக்கு மேலா? வேகமாக ஓட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறதா? நீயும் பெண்களும் அந்த வண்டியில் ஏறுவதுண்டா?

எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். வேறு ஒன்றுமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


சென்னீர்குப்பம்
14-3-1987

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம்.

பெண்களுக்கு அடுத்த மாதம் பரீட்சை. உங்கள் கை குத்தல் குறைந்தது கேட்டு நிம்மதி. என் கைதான் இப்போது உங்கள் கைக்குத் துணை.

நீங்கள் அனுப்பிய கவர் அவர் கண்ணில் பட்டுவிட்டது. கடிதத்தை நான் முன்பே எடுத்து மற்றவற்றோடு அரிசி டிரம்மில் ஒளித்துவிட்டேன். கவரின் மேல் உங்கள் விலாசம் எழுதாமல் அனுப்பியிருந்தது நல்லதாயிற்று. "எங்ககீறான் சொல்லு" என்று கேட்டார். தெரியாது என்றேன். தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். மணிக்கட்டைப் பிடித்து உள்ளங்கையைக் கல்லின் மேல் வைத்து அழுத்தினார். "இப்ப தெரியுதா?" என்றார். அப்போதும் தெரியாது என்றேன். சின்னவள் அவர் காலைக் கடித்தாள். அவளைச் சுவரோடு தள்ளினார். நெற்றியில் புடைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில். தனியாகத்தான் போகிறார். அடிக்குப் பயந்து கிளீனர் யாரும் நிற்பதில்லை. லோடு எப்போதும் போல அதிகம்தான். வேகமும் அப்படியே. நாங்கள் ஏறுவதில்லை.

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. அந்தப் போல்ட்டுகள் ஓடுமா, ஓடாதா?

தங்கை
கஸ்தூரி


பவானி ரோடு, சங்ககிரி
18-3-1987

கஸ்தூரிக்கு,

உன் கடிதம் இன்று வந்தது. தோசைக்கல் பற்றி எழுதியிருக்கும் இடத்தைப் பல முறை படித்தேன்.

போல்ட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஓடும்.

அதைப் பற்றி அவனிடம் பேச வேண்டாம். பேசினால் மறுபடி அடிதான். நீயும் பெண்களும் அந்த வண்டியில் ஏறாதீர்கள். புகை சின்னவளுக்கு ஆகாது. கைக்கு ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கிப் போடு. கொஞ்சம் பொறுத்துக்கொள். எல்லாவற்றுக்கும் முடிவு உண்டு.

அண்ணன்


சென்னீர்குப்பம்
2-6-1987

அன்புள்ள அண்ணனுக்குக் கஸ்தூரி.

உள்ளங்கை ஆறிவிட்டது. தோல் மட்டும் இழுத்துக்கொண்டிருக்கிறது. பெண்கள் இருவரும் பாஸ். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? இரண்டு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை.

இரண்டு விஷயம் எழுத வேண்டும். சின்னவளுக்குச் சித்திரையில் அம்மை போட்டிருந்தது. கடுமையாகத்தான் இருந்தது. அவர் பயந்துவிட்டார். பெரியபாளையத்து அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, ஆடியில் நேர்த்தி முடியும் வரை குடிப்பதில்லை, கை ஓங்குவதில்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். நான் நம்பவில்லை. ஆனால் இதுவரை அப்படியே இருக்கிறார். கோபம் வந்தால் வெளியே போய் டயரை உதைக்கிறார். இது எத்தனை நாளைக்கு என்று தெரியாது. இருந்தாலும் வீட்டில் பெண்கள் சத்தமாகப் பேசுகிறார்கள். அதை உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

இன்னொன்று, துலுக்கானம் திரும்பி வந்துவிட்டார். இவர்தான் வீடு தேடிப் போய்க் கூப்பிட்டார். அவர் மனைவி முனியம்மா கர்ப்பமாக இருக்கிறாள். கல்யாணமாகி இவ்வளவு வருஷம் கழித்து இப்போதுதான். அதனால் நிரந்தர வேலை வேண்டும் என்று வந்துவிட்டார். இரண்டாம் நம்பர் வண்டியை இப்போது அவர்தான் ஓட்டுகிறார். சில நாள் இவரும் கூடப் போகிறார். "போர்மேனுக்கு எழுதுனா, புள்ள பொறந்தா பேரு வெக்க வரணும்னு எழுதுமா. படிச்சவரு வாயால வெச்சா நல்லா இருக்கும்" என்றார்.

பதில் எழுதுங்கள்.

தங்கை
கஸ்தூரி


பவானி ரோடு, சங்ககிரி
15-6-1987

அன்புள்ள கஸ்தூரிக்கு,

நலம். பெண்கள் பாஸானது சந்தோஷம்.

துலுக்கானத்திடம் உடனே சொல். இங்கே உலகநாதனிடம் அவனுக்கு டிரைவர் வேலை பேசி வைத்திருக்கிறேன். முனியம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்துவிடட்டும். இருக்க இடம் தருகிறேன். இந்த வாரமே வந்தால் நல்லது. தேவராஜிடம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

உன் புருஷனின் சத்தியத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தேய்ந்த சாமான் சில நாள் சத்தமில்லாமல் ஓடும். அதற்காக அது நல்லதாகிவிடாது.

அண்ணன்


சென்னீர்குப்பம்
24-7-1987

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம்.

நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

துலுக்கானத்திடம் அன்றே சொன்னேன். சிரித்தார். "போர்மேன் நல்ல மனசுக்காரரு. ஆனா முனியம்மா அவங்கம்மா ஊட்ட விட்டு நவுர மாட்டா. சேக்காட்டுல இருந்து அவளக் கெளப்ப கிரேன் வேணும். புள்ள பொறக்கட்டும், பாக்கலாம்" என்றார். ஏன் அவசரமாகக் கூப்பிடுகிறார் என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஏதாவது காரணம் இருந்தால் எழுதுங்கள், சொல்கிறேன்.

வருகிற ஆகஸ்ட் இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பெரியபாளையம் போகிறோம். சின்னவளுக்கு வேப்பிலைச் சேலை கட்டுகிறோம். நம் இரண்டாம் நம்பர் வண்டியிலேயே போகிறோம். தெருவில் பாதிப் பேர் வருகிறார்கள். கோழி, அடுப்பு, பானை எல்லாம் ஏற்றிக்கொண்டு போய் அங்கேயே பொங்கல் வைத்துச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு. அந்த வண்டியில் ஏறாதே என்று நீங்கள் எழுதியது ஞாபகம் இருக்கிறது. பின்னால் தொட்டியில்தானே உட்காரப் போகிறோம், புகை வராது.

நீங்களும் வந்தால் நன்றாக இருக்கும். இவர் ஒன்றும் சொல்ல மாட்டார் என்று நினைக்கிறேன்.

தங்கை
கஸ்தூரி


தந்தி
சங்ககிரி, 28-7-1987

லாரியில் பெரியபாளையம் போகாதே. பெண்களை ஏற்றாதே. கடிதம் வருகிறது. அண்ணன்.


பவானி ரோடு, சங்ககிரி
29-7-1987

அன்புள்ள கஸ்தூரிக்கு,

தந்தி கிடைத்திருக்கும். பயந்திருப்பாய். பயப்பட ஒன்றுமில்லை. நான் ஒரு கெட்ட கனவு கண்டேன். அதில் நீயும் பெண்களும் லாரியில் இருந்தீர்கள். அதற்கு மேல் எழுத வேண்டாம். அண்ணன் சொல்கிறேன் என்று கேள். காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொள். வேறொரு நாள் பஸ்ஸில் போங்கள்.

துலுக்கானத்திடம் மறுபடியும் சொல்லிப் பார். கட்டாயப்படுத்தாதே.

எனக்கு உடம்பு நலம்தான்.

அண்ணன்


சேக்காடு, ஆவடி
12-9-1987

பக்தவத்சலம் அவர்களுக்குக் கஸ்தூரி எழுதுவது.

நலம் விசாரித்து இதை எழுதவில்லை.

உங்கள் தந்தியை நம்பிக் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். தெருவில் எல்லோரும் திட்டினார்கள். இவர் அடிக்கவில்லை. அடுத்த ஞாயிறு எங்களைப் பஸ்ஸில் அழைத்துப்போனார். சின்னவள் வேப்பிலை கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றினாள்.

அதற்குப் பிறகு ஒரு வியாழக்கிழமை அம்பத்தூரில் லோடு ஏற்றிக்கொண்டு துலுக்கானமும் இவரும் பெங்களூர் கிளம்பினார்கள். வாலாஜா தாண்டியதும் வெடி போட்டது போல ஒரு சத்தம். நீங்கள் முதல் கடிதத்தில் எழுதியது எழுதியபடி நடந்தது. தண்டு இன்ஜினைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. தீ முதலில் துலுக்கானத்தின் காலடியில் பிடித்தது. இவர் பக்கத்துக் கதவு சிக்கிக்கொண்டது. துலுக்கானம் கேபினுக்குள் இன்ஜினை மூடியிருந்த பானட்டின் மேல் குறுக்கே படுத்து அந்தக் கதவை உதைத்துத் திறந்து, "எறங்குடா மொதலாளி" என்று இவரை வெளியே தள்ளினார். பிறகு அவரால் எழுந்திருக்க முடியவில்லை. ரோட்டில் போனவர்கள் மண்ணை வாரி வீசினார்கள். அவர் எவ்வளவு நேரம் கத்தினார் என்று இவர் சொல்வதில்லை. ஒரு கால் வெந்து வீட்டில் கிடக்கிறார். யாராவது பாத்திரத்தைக் கீழே போட்டால் காதைப் பொத்திக்கொள்கிறார்.

முனியம்மாவிடம் ஒரு துணி மூட்டையைத்தான் கொடுத்தார்கள். நிறைமாதக்காரி, அவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தாள். நாங்கள் நாலு பேர் அவளைப் பிடித்துக்கொண்டோம். அவருடைய செருப்பு ஒன்று ரோட்டில் கிடந்து எடுத்து வந்திருந்தார்கள். புதுச் செருப்பு.

எரிந்த வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மெக்கானிக் அறுந்த போல்ட்டை எடுத்துக் காட்டி, "உள்ளார நைஞ்சி பூட்டிகீதுமா" என்றான். அன்று மதியம் அரிசி டிரம்மைக் கவிழ்த்து உங்கள் கடிதங்களை எடுத்து முதலிலிருந்து படித்தேன். ஜனவரியில் ஆபத்தா என்று கேட்டேன். நீங்கள் அவர் தனியாகப் போகிறாரா என்று கேட்டீர்கள். மறுபடி கேட்டேன். ஓடும் என்று எழுதினீர்கள். துலுக்கானம் வந்ததும் அவரை மட்டும் கூப்பிட்டீர்கள், காரணம் சொல்லவில்லை. நாங்கள் ஏறப் போகிறோம் என்றதும் எனக்குத் தந்தி வந்தது. கனவு கண்டேன் என்கிறீர்கள். கனவு, சகுனம் என்று யாராவது சொன்னால் உங்கள் அளவுக்குச் சிரிக்கிறவர் நம் குடும்பத்தில் இல்லை.

போல்ட்டுக்குப் பொட்டு வைத்தது நான். ஓடும் என்று நீங்கள் எழுதியதும் வாயை மூடிக்கொண்டு இருந்தவளும் நான். வெந்த கையில்தான் அந்தக் கடிதத்தைப் பிடித்திருந்தேன். அந்தக் கை நம்பியதா, நம்ப ஆசைப்பட்டதா என்று தெரியவில்லை. என் பங்கை நான் முனியம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் என் முகத்தில் துப்பினாள். துடைத்துக்கொள்ளவில்லை.

இன்று காலை அவள் அம்மா வீட்டுக்கு வந்து உங்கள் கடிதங்களை அவளுக்கு வரிசையாகப் படித்துக் காட்டினேன். பிள்ளை பிறந்து பதினைந்து நாள்தான் ஆகிறது, ஆண் பிள்ளை. மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள். ஓடும் என்ற கடிதத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். கடைசியில் தந்தியைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"இது எத்தினி நாள்ல வரும்கா?"

"அன்னிக்கே வரும்."

தந்தியை மடித்துக் கடிதங்களின் மேல் வைத்தாள். அவளுடைய தம்பிகள் மூன்று பேரும் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியவன் முதல் கடிதத்தை வாங்கி அதன் தலையில் இருந்த விலாசத்தை எழுத்துக்கூட்டிப் படித்தான். "சங்ககிரி எங்ககீதுகா? ரயிலு போவுதா?" என்றான். போகும் என்றேன்.

கடிதங்களை அவர்களிடமே விட்டுவிட்டேன். சாயங்கால வண்டிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒரு சுத்தியலையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உங்களுக்குத் தந்தி கொடுக்கலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். ஆவடி தந்தி ஆபீஸ் இங்கிருந்து நடக்கிற தூரம்தான்.

இதைச் சாதாரணத் தபாலில் போடுகிறேன்.

கஸ்தூரி